கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவுவது பற்றி நாத்தனார் மகனுக்கு

உலகத்துக் கம்ப்யூட்டர்களின் மெமரியைக் கட்டிக் காக்கும் பெரிய பொறுப்பில் இருப்பவனும் என் நாத்தனாரின் ஒரே மகனுமான உனக்கு, உன் மாமி எழுதும் கடிதம். இங்கே நான், என் மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் சுகம். மாப்பிள்ளையின் பல் மட்டும் இன்னும் கொஞ்சம் நீலமாக இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அங்கே நீயும் உன் மனைவி மக்களும் சுகமாக இருக்க வேண்டும். உன் அம்மாவும் சுகமாக இருக்கட்டும். அவள் சுகத்துக்கு நான் எந்தக் காலத்திலும் குறுக்கே நின்றதில்லை.

உன் மெயில் விலாசம் பேத்தியிடம் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பாள். ஆகவே எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்த விலாசமான உன் அம்மா வீட்டுக்கே எழுதுகிறேன். நீ மாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகவும் கீழே தபால் வாங்குவது உன் அம்மாதான் என்றும் கேள்வி. நாத்தனாரே, இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். என் அம்மா எனக்கு எழுதிய கடிதத்தையும் நீங்கள்தான் முதலில் பிரித்தீர்கள். வெந்நீர் ஆவி காட்டிப் பிரித்து, பசை தடவி ஒட்டி, அந்தப் பசையில் உங்கள் தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். படித்தது போதும், அவனிடம் கொடுங்கள்.

தம்பி, நீ பெரிய ஆள் என்பதால் சில இடத்தில் 'நீங்கள்' வரும், உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் என்பதால் சில இடத்தில் 'நீ' வரும், கோபம் வந்தால் அதற்கும் கீழே இறங்கும், மனசில் வைத்துக்கொள்ளாதே. மனசில் வைத்துக்கொள்வது என் வேலை.

என் பேத்தி, அதாவது என் மகளின் மகள், முன்னறையில் ஜன்னலோரம் மேஜை போட்டு, நீ பார்க்கும் அதே மெமரிப் புரோகிராம் கோடில்தான் வேலை செய்கிறாள். ஆறு தடவை நீ திருப்பி அனுப்பினாயே, பேட்ச் என்று ஒரு திருத்தம், அது அவள் எழுதியதுதான். உனக்கு அவள் யாரோ. அவளுக்கும் நீ யாரோ. எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் அவள் கம்ப்யூட்டரில் நீ எங்கோ மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாய். "இவர்தான் பாட்டி, என் உயிரை வாங்குறவர்" என்றாள். நான் முதலில் காதைப் பார்த்தேன். எங்கோ பார்த்த காது. பிறகு நீ பேச்சை நிறுத்தி மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்தாய். எடுத்து, குடிப்பதற்கு முன் ஒரு தடவை மோந்து பார்த்தாய். அவ்வளவுதான், எனக்குப் பிடிபட்டுவிட்டது. பச்சைத் தண்ணீரை மோந்து பார்த்துக் குடிக்கிறவன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான், அவனை அப்படி ஆக்கியது யார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பேத்தியிடம் நான் மூச்சு விடவில்லை. சொந்தம் சொல்லி உள்ளே நுழைந்தாள் என்று ஒரு பேச்சு வந்தால் அவள் என்னோடு பேச மாட்டாள். ஆகவே சொந்தக்காரி என்பதற்காக நீ அந்தப் பேட்சை எடுத்துக்கொள்ளவே கூடாது. தகுதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் எடுக்க வேண்டும்.

அந்தப் பேட்ச் என்ன என்று அவள் எனக்கு அடுப்படியில் நின்று விளக்கினாள். மெமரி என்பது பாத்திர அலமாரி மாதிரியாம். ஒரு புரோகிராம் வந்து ஒரு பாத்திரம் கேட்கும், அதற்குப் பக்கம் என்று பெயர், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். முன்னால் இருந்தவன் வைத்திருந்த ரகசியம் எதுவும் பின்னால் வருகிறவன் கண்ணில் படக்கூடாது என்று அந்தப் பக்கத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். திருப்பி வாங்கும்போது ஒரு தடவை துடைக்கிறார்கள். சரி. மறுபடி அடுத்தவனுக்கு எடுத்துக் கொடுக்கும்போது இன்னொரு தடவை துடைக்கிறார்கள். "கழுவி வச்ச பாத்திரத்தை எதுக்கு பாட்டி மறுபடி கழுவணும்?" என்று கேட்டாள். கேட்டபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அலமாரியிலிருந்து எடுத்த பால் பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த இரண்டாவது துடைப்பை எடுத்துவிடுவதுதான் அவள் பேட்ச். மூன்றே வரி. மிச்சமாகும் நேரம் கண் சிமிட்டுவதில் பொடியிலும் பொடி. மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"இந்த மூணு வரிக்கா இத்தனை மாசம்?"

"அப்பா, இது ஒரு மெஷின்ல இல்ல. ஊர்ல இருக்கிற அத்தனை மெஷின்லயும், நொடிக்கு எத்தனையோ ஆயிரம் தடவை நடக்குது. எல்லாம் சேர்த்தா எவ்வளவு கரண்ட் மிச்சம், தெரியுமா?"

"அப்ப நானும் ஒவ்வொரு டப்பாலயும் ஒரு சொட்டு பெயிண்ட் எடுத்து வச்சுக்கிறேன். எல்லாம் சேர்த்தா ஒரு கடை வைக்கலாம்."

"நீங்க ஏற்கெனவே அப்படித்தான் கடை வச்சீங்கன்னு பாட்டி சொன்னாங்க."

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் முன்னால் சொல்லச் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்குப் பெயிண்ட் கடை. நல்ல மனுஷன்தான், ஆனால் டாக்டர் முன்னால் என்னைக் காட்டி "அத்தைக்கு இப்பல்லாம் கொஞ்சம் மறதி" என்று சொன்னவர். அந்த இடத்திலேயே நான் அவர் கடை திறந்த அன்றைக்கு யார் யார் வந்தார்கள், யார் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார்கள், மேலே ஃபேன் எந்தப் பக்கம் சாய்ந்து சுற்றியது, அவருடைய பெரியப்பா எந்தச் சுவரில் கை வைத்துச் சட்டையை வீணாக்கினார் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். பெரியப்பாவை முடிப்பதற்குள் டாக்டர், "போதும்மா, வெளியில ஆள் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். இப்படிப்பட்டவர் இப்போது பேத்திக்காகக் கடையில் ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. உங்கள் வேலையில் சில மாதத்துக்கு ஒருமுறை வாசல் திறந்து புதியதை எல்லாம் உள்ளே விட்டுவிட்டுச் சாத்திவிடுவீர்களாமே, இந்தத் தடவை வாசல் சாத்துவதற்குள் பேட்ச் உள்ளே போகவில்லை என்றால் இந்தத் தொழிலை விட்டுவிட்டுக் கடைக்கு வந்து பில் போடுகிறேன் என்று அவள் வாய் தவறி அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் அன்றைக்கே நாற்காலி வாங்கிவிட்டார். சாவி மாட்ட ஆணி கூட அடித்தாகிவிட்டது. தம்பி, அந்த நாற்காலியில் என் பேத்தி உட்கார்ந்தால் அவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார், ஒரு சிரிப்பு மட்டும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் பார்க்கக்கூடாது. அவள் முகம் வாடுவதையும் பார்க்கக்கூடாதுதான், அதையும் சேர்த்துக்கொள்.

நீ எழுதிய பதில் ஒவ்வொன்றையும் அவள் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள், ஒன்றையும் நான் மறக்கவில்லை. முதலில் ஒரு வரி நீளமாகப் போய்விட்டது, மடித்து எழுது என்றாய். மடித்தாள். என்ன செய்தாய் என்று எழுதியிருக்கிறாய், ஏன் செய்தாய் என்று எழுதவில்லையே என்றாய். எழுதினாள். ஒரே மெஷினில் அளந்தது போதாது என்றாய். சிநேகிதிகள் வீட்டு மெஷினையெல்லாம் இரவல் வாங்கி வந்து வைத்து அளந்தாள், அந்த வாரம் முழுக்க எங்கள் முன்னறையில் ஃபேன் போடாமலே காற்று வந்தது, சூடான காற்று. பிறகு பதிலே இல்லை. ஞாபகப்படுத்தி எழுதினாள். லீவில் இருந்தேன் என்றாய். போகட்டும், மனுஷனுக்கு லீவு வேண்டும். அடுத்தது வந்தது பார், "அழகான வேலை, நன்றி, ஆனால்" என்று. அந்த 'ஆனால்' என்ற சொல்லை உன் அம்மா எந்த இடத்தில் போடுவாளோ அதே இடத்தில் போட்டிருந்தாய். "சமையல் பிரமாதம், ஆனால்" என்பாள்.

கடைசியாக வந்தது ஒரே ஒரு கேள்வி. "துடைக்கப்படாமல் அலமாரிக்குத் திரும்பும் பக்கம் ஒன்றுகூட இல்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" இதை நீ தனியாகவும் கேட்கவில்லை, உலகமே படிக்கும் இடத்தில் கேட்டாய். பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை. "எனக்குத் தெரிஞ்சு இல்லை பாட்டி. ஆனா நிச்சயமான்னு கேட்டா எப்படிச் சொல்றது?" என்று மேஜையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கழுவி வைத்த பாத்திரத்தை நம்ப மாட்டேன் என்கிறாயா? இத்தனை வருஷமாக நம்பாமல் இருந்தவள் நான், என்னிடமா? உனக்குப் பாடம் கற்பிப்பதற்காகவே அன்றிலிருந்து நம் வீட்டில் பாத்திரம் ஒரு தடவைதான் கழுவுவது என்று தீர்மானித்தேன். தொட்டியில் கழுவு, அலமாரியில் வை, எடு, அடுப்பில் ஏற்று. ஒன்றும் ஆகவில்லை என்று நிரூபித்து அவளை உனக்கு எழுதச் சொல்ல வேண்டும். முதல் நாள் கை தானாகக் குழாய்க்குப் போயிற்று, இழுத்துக்கொண்டேன். என் மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்றாள். இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. என்ன சங்கடம் என்றால், மதியத்தில் நேரம் மிச்சமாகிவிட்டது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்து பழையதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நிறைய நினைத்தேன். உன் அம்மாவுக்கு விக்கல் எடுத்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கடையிலிருந்து ஒரு புதுச் சாயம் கொண்டு வந்தார். குழந்தைகள் அறைச் சுவருக்கானது, குழந்தை நக்கினாலும் ஒன்றும் ஆகாது என்பதுதான் அதற்கு அவர் செய்யும் விளம்பரம். எப்படி இருக்கிறது என்று பின்கட்டுச் சுவரில் பூசிப் பார்க்க, யாரையும் கேட்காமல் டீ ஊற்றும் ஜக்கை எடுத்துக்கொண்டு போய் அதில் கரைத்தார். பூசினார், ரசித்தார், மிச்சத்தைக் கொட்டினார், துணியால் ஒரு துடை துடைத்து, பின்வாசல் வழியாக வந்து நேராக அலமாரியில் வைத்துவிட்டார். தொட்டிப் பக்கமே வரவில்லை. சாயங்காலம் நான் வந்தேன், ஜக்கை எடுத்தேன், புது வழக்கப்படி கழுவாமல் டீயை ஊற்றினேன். முதல் கப் எப்போதும் மாப்பிள்ளைக்கு. அவர் போனைப் பார்த்துக்கொண்டே ஒரே மடக்கில் குடிக்கிறவர். குடித்துவிட்டு, "அத்தை, டீ இன்னிக்கு..." என்று வாயைத் திறந்தார். உள்ளே நல்ல நீலம். நாக்கு, பல், உதடு எல்லாம் ஒரே நிறம். என் மகள் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்ன டீ போட்டீங்க அத்தை?"

"டீ சரியாத்தான் போட்டேன். ஜக்ல என்ன போட்டீங்க மாப்பிள்ளை?"

அவர் கண்ணாடியில் பார்த்தார். நீலத்தைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது, அவர் கடைச் சரக்கு அல்லவா. டாக்டருக்குப் போன் போட்டோம். டாக்டர் டப்பாவில் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் ஆகாது, தண்ணி நிறையக் குடிங்க" என்றார். பிறகு, "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிட்டார்.

ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது. கழுவாமல் வைத்தது யார் என்று ஒரு பக்கம், கழுவாமல் எடுத்தது யார் என்று ஒரு பக்கம். மாப்பிள்ளை ஈரத் துணியால் பல்லைத் தேய்த்துக்கொண்டே கத்தினார்: "கழுவினதெல்லாம் கவுத்தி வச்சிருக்கீங்க, நான் மட்டும் நிமித்தித்தானே வச்சேன்! பார்த்தாலே தெரியாதா, இது கழுவாததுன்னு?"

"தெரிஞ்சா நீங்களே ஏன் குடிச்சீங்க?" என்றேன் நான்.

அப்போது பேத்தி எழுந்து நின்றாள். "அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். அவர் அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்து முறைத்தார். அவள் அவர் நீல வாயைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், பின்வாசலைப் பார்த்தாள், பிறகு முன்னறைக்கு ஓடினாள். டீ ஆறிப்போனது, அவள் திரும்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்து, "அவர் நிச்சயமான்னு கேட்டாரே, அது சரி பாட்டி" என்றாள், சிரித்துக்கொண்டே. உங்கள் கோடிலும் ஒரு பின்வாசல் இருக்கிறதாம். இன்டர்நெட்டை இழுத்து வரும் நெட்வொர்க் கார்டு தன் கையில் வைத்திருக்கும் பக்கங்கள் தொட்டிக்கு வராமல் நேராக அலமாரிக்குப் போகின்றனவாம். அவள் பேட்ச் அப்படியே உள்ளே போயிருந்தால் ஒருவனுடைய ரகசியம் இன்னொருவன் கப்பில் போய் விழுந்திருக்குமாம், நீல நீலமாக.

ஆகவே உன் கேள்வி நியாயமான கேள்விதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டது இந்தக் கடிதத்தோடு இருக்கட்டும்.

இப்போது அவள் மாற்றி எழுதிவிட்டாள். துடைத்த பக்கத்துக்கு ஒரு சின்ன அடையாளம், நாங்கள் கவிழ்த்து வைப்பது போல. எடுக்கும்போது அடையாளம் இருந்தால் அப்படியே கொடு, இல்லையென்றால் துடைத்துக் கொடு. முன்பு மூன்று வரி, இப்போது அதைவிடக் கொஞ்சம் அதிகம். மிச்சமும் முன்பு மாதிரியே ஆகிறதாம். இதற்கு ஏன் என்று நீ கேட்பாய் என்று, விளக்கத்தில் எங்கள் வீட்டு ஜக் கதையையும் இரண்டு வரி எழுதிவிட்டாள். மூன்று நாள் முன்னால் உனக்கு அனுப்பியிருக்கிறாள். வாசல் சாத்தும் நாள் நெருங்கிவிட்டது. பிள்ளை தட்டில் கை வைத்துக்கொண்டே போனைப் பார்க்கிறாள்.

இதிலே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பேட்சின் அடியில் யார் யோசனை சொன்னது, யார் சோதித்துப் பார்த்தது என்று பெயர் போடுவது உங்கள் வழக்கமாமே. யோசனை சொன்னவர் என்று அவள் யார் பெயரைப் போட்டிருக்கிறாள் தெரியுமா? மாப்பிள்ளை பெயரை! கேட்டால், "அப்பாதானே பாட்டி நிமித்தி வச்சதைச் சொன்னாரு?" என்கிறாள். அவர் அதைப் பிரிண்ட் எடுத்துக் கடையில் பில் மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டார். வருகிறவர்களிடம் எல்லாம் நீலப் பல்லைக் காட்டி, "கம்ப்யூட்டர்க்காரங்க என்கிட்டத்தான் யோசனை கேட்டாங்க" என்கிறாராம். அந்தச் சாயம் கடையில் தீர்ந்துவிட்டது. நாற்காலியின் பிளாஸ்டிக் உறையையும் பிரித்தாயிற்று, ஆனால் பேட்ச் போகவில்லை என்றால் நாற்காலி தயார் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நாள் கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை மட்டும் கழுவிச் சோதித்தவள் நான். ஒரே ஒரு மடக்குக் குடித்தவருக்குப் பெயர். சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரை நீயே சேர்த்துவிடு. உறவு சொல்லிக் கேட்கவில்லை, உழைப்பைச் சொல்லிக் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. நீ ஏன் இரண்டு தடவை துடைக்கிறாய் என்பதற்கு உன் கோடில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறாயாமே, "இது தேவையில்லாதது போலத் தெரியும், கை வைக்காதீர்கள்" என்று. பேத்திக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நீ சின்னப் பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து பால் குடித்தாய். குடித்ததும் வாயில் நுரை நுரையாக வந்தது. பாத்திரத்தின் அடியில் சோப்பு. அன்றைக்குப் பாத்திரம் கழுவி வைத்தது உன் அம்மா. காய்ச்சியது நான். "என் பிள்ளைக்குச் சோப்புத் தண்ணி குடுத்துட்டா" என்று அத்தனை பேர் முன்னால் என்னைச் சொன்னது உன் அம்மா. அன்றிலிருந்து நான் இரண்டு தடவை கழுவுகிறேன், நீ மோந்து பார்த்துக் குடிக்கிறாய், நானும் உன் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. போன் நம்பர் அவளிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. யார் முதலில் என்பதுதான் பாக்கி.

ஆனால் மாப்பிள்ளையின் வாயைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கொஞ்சம் இளகிவிட்டது. வைக்கிறவர் ஒரு அவசரத்தில் வைத்திருப்பார், எடுக்கிறவர் ஒரு நினைப்பில் எடுத்திருப்பார். ஆகவே உன் அம்மாவை நான் மனசார மன்னித்துவிட்டேன் என்று அவளிடம் சொல். நாத்தனாரே, நீங்களே படித்துவிட்டீர்கள், மன்னித்துவிட்டேன்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சாப்பாடுமாக, எந்தப் பாத்திரத்தையும் மோந்து பார்க்கத் தேவையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். உன் அம்மாவும் அப்படியே.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்த
மாமி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், பிரித்து ஒட்டும் வித்தை உங்கள் வீட்டில்தான் தெரியும், ஆகவே இதை உறையின் முதுகில் பொடி எழுத்தில் எழுதுகிறேன், தபால்காரர் படித்தாலும் படிக்கட்டும். இப்போதுதான் முன்னறையில் ஒரு கூச்சல். நீ பேட்சை எடுத்துக்கொண்டுவிட்டாயாம். தகுதி பார்த்து, சொந்தம் தெரியாமல். என் மகளுக்கும் எனக்கும் நடுவில் பேத்தி குதித்துக்கொண்டிருக்கிறாள், மாப்பிள்ளை சுழல் நாற்காலியை அவர் கையாலேயே உருட்டிக்கொண்டு வந்து அவள் மேஜைக்கு முன்னால் போட்டுவிட்டார், என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆகவே உள்ளே நான் திட்டியதையும் கேட்டதையும் எல்லாம் துடைத்துவிடு. ஆனால் பேத்தி உன் பதிலை முழுக்கப் படித்தாள். ஜக் கதையைப் படித்துவிட்டு நீ அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, "சின்ன வயதில் நானும் சோப்புப் பால் குடித்தவன், அந்தப் பாத்திரத்தைக் கழுவி வைத்தது என் மாமிதான் என்று அம்மா இன்றுவரை சொல்கிறார்" என்று. உலகமே படிக்கும் இடத்தில்! பேத்தி திரும்பி, "பாட்டி, இது நீங்க சொல்ற பால்தானே?" என்றாள். உள்ளே உன் அம்மாவை மன்னித்ததாக எழுதியதையும், கடைசி வரியில் 'அப்படியே' என்று வாழ்த்தியதையும் இதன் மூலம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கழுவி வைத்தது நான் இல்லை. இல்லை என்றால் இல்லைதான். நாத்தனாரே, பதில் சொல்ல வாய் இருந்தால் போன் செய்யுங்கள். மதியம் செய்யுங்கள், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. பாத்திரம் ஒரு தடவைதான் கழுவுகிறேன்.